கிரெடிட் சேர்த்து வாங்கிய பிசினஸ் டிகிரி: நான் செய்த விதம்

அமெரிக்காவில் ஒரு இளநிலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் 120 கிரெடிட், அதாவது முடிக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் ஏறும் கல்விப் புள்ளி. பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று வைத்தால் நாற்பது பாடம். இதில் பெரும்பகுதியை வகுப்பில் உட்காராமலே, கொஞ்சம் தேர்வெழுதியும் கொஞ்சம் மாதச் சந்தா கட்டும் ஆன்லைன் பாடங்களிலும் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தில் சேரலாம். நான் அப்படித்தான் முடித்தேன். தெரிந்தவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் துண்டு துண்டாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். ஊரில் மெக்கானிக்கல் சேர்ந்தேன், அரியர் மேல் அரியர், டிகிரி கைக்கு வராமலே கல்யாணம், கிரீன் கார்டு, நியூ ஜெர்சி என்று வண்டி ஓடிவிட்டது. இங்கே ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை. எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த டாக்கில் எது இறங்குகிறது, எந்த டிரைவர் ஃபோனை எடுக்க மாட்டார் எல்லாம் அத்துப்படி. ஆனால் அடுத்த படியில் இருக்கும் வேலைகளின் அறிவிப்பில் ‘பேச்சலர்ஸ் டிகிரி’ என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடாவிட்டால் அது ஒரு மனிதர் கண்ணுக்கே போகாது. பகலில் வேலை, வீட்டில் சின்னப் பையன், இந்த லட்சணத்தில் நாலு வருஷம் காலேஜ் போவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

இதில் கஷ்டம் படிப்பு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் செமஸ்டர் பரீட்சை எழுதிப் பழகியவருக்கு இந்தத் தேர்வுகள் மலையில்லை. கஷ்டம் எங்கே என்றால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் கடைசியில் பட்டம் தரப்போகிற பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் எந்தக் கட்டத்தில் போய் உட்காரும் என்று காசு கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதில்தான். எதிலும் உட்காராத கிரெடிட்டும் கிரெடிட்தான், மதிப்பெண் பட்டியலில் அழகாக இருக்கும், பட்டத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படித் தேவையில்லாத கிரெடிட்டாகச் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது ஏதோ இன்டர்நெட் வந்த பிறகு கண்டுபிடித்த குறுக்கு வழி என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அப்படியில்லை. கல்லூரிப் பாடங்களுக்கு நேராகத் தேர்வெழுதிக் கிரெடிட் வாங்கும் கிளெப் தேர்வுகளை காலேஜ் போர்டு நடத்த ஆரம்பித்தது 1967-இல். கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வை நடத்துகிற அதே காலேஜ் போர்டுதான். வெளியே சேர்த்த கிரெடிட்டை ஒன்றுதிரட்டிப் பட்டம் தருவதற்கென்றே நியூயார்க்கில் 1971-இல் ஒரு திட்டம் வந்தது, இன்று அது எக்செல்சியர் பல்கலைக்கழகம். மறு வருஷம் நியூ ஜெர்சி அரசு இன்று ட்ரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது, அதற்கடுத்த வருஷம் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்கள், ராணுவத்தில் இருந்து வந்தவர்கள், பாதியில் விட்டவர்கள் இவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. அரை நூற்றாண்டுப் பழக்கம். இணையம் செய்ததெல்லாம் வேகத்தைக் கூட்டியதுதான்.

ஆக முதல் வேலை, கடைசிப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது. எல்லாரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான்: முதலில் எந்தத் தேர்வு சுலபம் என்று தேடுவார்கள், எழுதுவார்கள், அப்புறம் இதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அலைவார்கள். நான் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பார்த்தது மூன்று விஷயம். ஒன்று அங்கீகாரம், கல்வித்துறையின் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டால் எந்த அமைப்பு அங்கீகரித்திருக்கிறது என்று வந்துவிடும். இந்த இடத்தில் அரை நிமிடம் செலவழிக்காமல் போலிப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டியவர்கள் உண்டு. ‘உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கே டிகிரி தருகிறோம், பத்து நாளில் வீட்டுக்கு வரும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இரண்டாவது, 120-இல் எத்தனை கிரெடிட் அவர்களிடமே படிக்க வேண்டும் என்பது. மூன்றாவது, மேல்நிலைப் பாடங்கள். முதல் இரண்டு வருஷத்துப் பாடம் கீழ்நிலை, மூன்றாம் நாலாம் வருஷத்துப் பாடம் மேல்நிலை. பிசினஸ் பட்டத்தில் குறிப்பிட்ட அளவு மேல்நிலையில் இருந்தே ஆக வேண்டும். கிளெப் தேர்வுகளில் கிடைப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கீழ்நிலை. டிஎஸ்எஸ்டி என்று ஆரம்பத்தில் ராணுவத்தினருக்காக வந்த இன்னொரு தேர்வு வரிசையில் ‘பணமும் வங்கியும்’ மாதிரி சில பாடங்களுக்கு மேல்நிலைக் கிரெடிட் உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் நிரப்ப முடியாது. மேல்நிலைக் கட்டங்களை எங்கே நிரப்பப்போகிறோம் என்பதுதான் மொத்தத் திட்டத்தின் முதுகெலும்பு.

ட்ரென்டன் எனக்கு எட்டுகிற தூரம்தான், எங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகம் வேறு, மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அங்கே மேல்நிலைப் பாடங்களை நானே வெளியே தேடித் தேடிச் சேர்க்க வேண்டும், உள்ளே எடுத்தால் கிரெடிட் கணக்கில் கட்டணம். அதற்கு நேர்மாறாக, ஒரு தவணைக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடித்துக்கொள் என்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. யூட்டாவில் 1997-இல் மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ், சுருக்கமாக டபிள்யூஜியு, அதில் பெரியது. அங்கே தவணை ஆறு மாதம். மெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரெஸ்க் ஐல் வளாகத்தில் யுவர்பேஸ் என்று எட்டு வாரத் தவணையில் இதே மாதிரி ஒன்று. கீழ்நிலையை எல்லாம் வெளியே மலிவாக முடிப்பது, மேல்நிலையை இந்த ஒரே கட்டண இடத்தில் கொண்டுபோய் வைத்து வேகமாக முடிப்பது. எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது. டபிள்யூஜியு-வை எடுத்தேன்.

அப்புறம் ஒரு எக்செல் தாள். இடது ஓரத்தில் பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம், ஒரு வரிக்கு ஒன்று. அடுத்த பத்தியில் அதற்கு ஈடாக அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வெளிப் பாடம் அல்லது தேர்வு. அடுத்ததில் செலவு. அடுத்ததில் எங்கிருந்து அத்தாட்சி அனுப்ப வேண்டும். கடைசிப் பத்தி, ‘எழுத்தில் உறுதியானதா?’ பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஈடு அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. அதில் இல்லாததைச் சேர்க்கை ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அப்படியே தாளில் ஒட்டிவைத்தேன். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது, அடுத்த வாரம் வேறு ஒருவர் எடுப்பார்.

இந்தத் தாளைப் போடும்போதுதான் நுணுக்கமெல்லாம் தெரியவரும். உதாரணமாக நிதிக் கணக்கியலும் மேலாண்மைக் கணக்கியலும் சில இடங்களில் தனித்தனிப் பாடம், சில இடங்களில் இரண்டும் சேர்ந்து ஒரே பாடம்; அப்படிச் சேர்ந்த இடத்துக்கு நிதிக் கணக்கியலை மட்டும் முடித்துக்கொண்டு போனால் அந்தக் கட்டம் நிறையாது. அதே மாதிரி ஒரே பாடத்தைக் கிளெப்பிலும் எழுதி ஆன்லைனிலும் முடித்தால் ஒரு முறைதான் எண்ணுவார்கள். புள்ளியியல் வேண்டும் என்று போட்டிருக்கும் இடத்தில் கல்லூரி அல்ஜீப்ரா உதவாது. அல்ஜீப்ரா என்று போட்டிருக்கும் இடத்தில் கால்குலஸ் பெரும்பாலும் உதவும், ஏனென்றால் அது மேலே உள்ளது.

கால்குலஸ் என்றதும் ஊர் மார்க்‌ஷீட் ஞாபகத்துக்கு வந்தது. முடிக்காத இன்ஜினியரிங்கில் பாஸான பாடங்களுக்கு இங்கே மதிப்பு உண்டு! இது பலருக்குத் தெரிவதில்லை, டிகிரி இல்லையென்றால் எல்லாமே போச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பாக இருக்கும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியான மதிப்பீடு கேட்க வேண்டும். அவர்கள் நம் செமஸ்டர் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து இது இத்தனை அமெரிக்க கிரெடிட், இந்தக் கிரேடு என்று அறிக்கை தருவார்கள். கணக்கு முதல் தாள், இரண்டாம் தாள், இயற்பியல், வேதியியல், தகவல்தொடர்பு ஆங்கிலம், இதெல்லாம் பொதுக்கல்விக் கட்டங்களில் அழகாகப் போய் உட்காரும். தெர்மோடைனமிக்ஸ் எங்கேயும் உட்காராது, அதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் பேப்பர் வேலை பெண்டு நிமிர்த்திவிட்டது. மார்க்‌ஷீட் கல்லூரியிலிருந்து சீல் வைத்த உறையில் நேராகப் போக வேண்டும் என்றார்கள். ஊரில் அண்ணன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்; ‘கோர்ஸே முடிக்கலை, எதுக்கு டிரான்ஸ்கிரிப்ட்?’ என்று ஒருவர் கேட்டாராம், நியாயமான கேள்விதான். அது முடிந்தால் பெயர்ப் பிரச்சினை. மார்க்‌ஷீட்டில் முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கடைசிப் பெயராக நிற்கிறது, கிரீன் கார்டு பாஸ்போர்ட்டைப் பின்பற்றுகிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தீராத தலைவலி. மதிப்பீட்டு நிறுவனம் ஃபைலை நிறுத்தி வைத்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு நகர்ந்தது. ஆகவே எங்கே பதிவு செய்தாலும், கிளெப்போ பல்கலைக்கழகமோ ஆன்லைன் தளமோ, கையில் இருக்கும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கு எழுத்து அதே பெயரைப் போடுங்கள். செல்லப் பெயர், சுருக்கம், இனிஷியல் எதுவும் வேண்டாம். தேர்வு மையத்தில் அட்டையும் பதிவும் பொருந்தாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள்.

சரி, தேர்வுகள். கிளெப்பில் 34 தேர்வுகள் இருக்கின்றன, பிசினஸ் பிரிவில் ஐந்து: நிதிக் கணக்கியல், தகவல் அமைப்புகள், வணிகச் சட்டம், மேலாண்மை, சந்தைப்படுத்தல். சமூக அறிவியல் பிரிவில் இருக்கும் நுண்பொருளியலும் பேரியல் பொருளியலும் பிசினஸ் பட்டத்துக்கு எப்படியும் வேண்டும். பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம், கம்ப்யூட்டரில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை, 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. பரிந்துரைதான், சில பல்கலைக்கழகங்கள் அதிகம் கேட்கும். ஒரு தேர்வில் வராவிட்டால் அதே தேர்வைத் திரும்ப எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும், வேகமாக முடிக்க நினைப்பவருக்கு இந்த மூன்று மாதம்தான் உண்மையான அபராதம். அதனால் மாதிரித் தேர்வில் தாராளமாக வரும்வரை தேதி போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கட்டணம் ஒரு தேர்வுக்கு நூறு டாலருக்குச் சற்றுக் கீழே, அதோடு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். ஆனால் மாடர்ன் ஸ்டேட்ஸ் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, கிளெப் பாடங்களை இலவசமாக நடத்துகிறது, பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரே தருகிறது. நிஜமாகவே இலவசம். இதில் ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்று என் மனைவி ரொம்ப நாள் நம்பவில்லை, வவுச்சர் எண்ணைப் போட்டுக் கட்டணம் பூஜ்யமானதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ‘அட, ஆமாங்க’ என்றாள். பதிவு செய்யும்போதே மதிப்பெண் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு பெயரைக் குறித்துவிடுங்கள், அது இலவசம். அப்புறம் கேட்டால் காசு.

கணக்கியல் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்ஜினியரிங் பின்னணியில் வருபவர்கள் பயப்படுவது இதற்குத்தான். எனக்குக் கைகொடுத்தது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாவற்றையும் அதில் பொறுமையாகப் போட்டுக் காட்டியிருப்பார்கள், நாலைந்து கணக்கைக் கையால் போட்டாலே பயம் போய்விடும். அமெரிக்கப் பாடத்தில் மாறுவது சில இடங்களில்தான். அதில் முக்கியமானது சரக்குக் கையிருப்பை மதிப்பிடும் லிஃபோ முறை, கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கணக்கு வைப்பது. பன்னாட்டு விதிகளில் இதற்கு அனுமதி இல்லை, அமெரிக்காவில் உண்டு, தேர்வில் கட்டாயம் வரும். ஒரு கடை 100 பொருளை 2 டாலர் வீதம் வாங்குகிறது, பிறகு 100 பொருளை 3 டாலர் வீதம் வாங்குகிறது, மொத்தம் 500 டாலர். 150 பொருள் விற்றாகிவிட்டது. முதலில் வந்தது முதலில் போனது என்ற ஃபிஃபோ முறையில் விற்ற சரக்கின் அடக்கம் 200 கூட்டல் 150, அதாவது 350. மிச்சமிருக்கும் 50 பொருளின் மதிப்பு 150. லிஃபோவில் அதே அடக்கம் 300 கூட்டல் 100, அதாவது 400; மிச்சத்தின் மதிப்பு 100. கடை அதேதான், சரக்கு அதேதான், ஆனால் விலைவாசி ஏறும் காலத்தில் லிஃபோவில் லாபம் ஐம்பது டாலர் குறைவாகத் தெரியும், வரியும் அதற்கேற்பக் குறையும். கேள்வியை எந்தப் பக்கமிருந்து திருப்பிக் கேட்டாலும், விற்றது எவ்வளவு இருந்தது எவ்வளவு இரண்டும் கூட்டினால் 500 வர வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் பாடமாகவே தோன்றாது. வழியில் இருக்கும் சரக்கு யாருடையது என்கிற எஃப்ஓபி கேள்வியும் அப்படித்தான்; ஏற்றுமிடத்தில் எஃப்ஓபி என்றால் லாரி கிளம்பியதுமே வாங்கியவர் கணக்கு, சேருமிடத்தில் எஃப்ஓபி என்றால் இறங்கும்வரை விற்றவர் கணக்கு. தினமும் சண்டை போடும் விஷயம், அதற்கு மார்க் வேறு தருகிறார்கள்.

வணிகச் சட்டம் மனப்பாட வேலை. ஒப்பந்தம் எப்போது செல்லும், எப்போது எழுத்தில் இருந்தாக வேண்டும் (500 டாலரும் அதற்கு மேலும் போகும் சரக்கு விற்பனை அதில் ஒன்று), மைனர் போட்ட ஒப்பந்தம் என்ன ஆகும், இப்படி. மேலாண்மையும் சந்தைப்படுத்தலும் நூறு நூறு கேள்வி, வேகமாகப் படிக்க வேண்டும், அவ்வளவே. பேரியல் பொருளியலில் ஒரு வேடிக்கை. வங்கிகள் டெபாசிட்டில் இத்தனை சதவீதத்தைக் கையில் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியை அமெரிக்க மத்திய வங்கி 2020 மார்ச்சிலேயே பூஜ்யமாக்கிவிட்டது, ஆனால் நான் படித்த பாடத்தில் அந்தச் சதவீதத்தை வைத்துப் பணப் பெருக்கி (ஒரு டெபாசிட் வங்கிகள் வழியாக எத்தனை மடங்காகப் பெருகும் என்பது) போடும் கணக்கு அப்படியே இருந்தது. உலகம் எப்படி இருந்தால் என்ன, கணக்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

தேர்வை வீட்டிலிருந்து வெப்கேம் கண்காணிப்பிலும் எழுதலாம். பையன் இருக்கும் வீட்டில் அது சரிப்பட்டு வராது என்று பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் தேர்வு மையத்துக்கே போனேன். ஃபோன், வாட்ச், பர்ஸ் எல்லாம் லாக்கரில். உள்ளே ஒரு பென்சில், வெள்ளைத்தாள், அவ்வளவுதான். தாளைக் கையில் வாங்கி உட்கார்ந்ததும் முதல் வேலையாக மனசில் இருக்கும் சூத்திரங்களைக் கொட்டிவிடுவேன். முடித்துச் ‘சமர்ப்பி’ அழுத்தினால் இரண்டு நொடி வெள்ளைத் திரை, அப்புறம் எண். கட்டுரை எழுதும் தேர்வைத் தவிர மற்றதற்கெல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் தேர்வாக எழுத வேண்டியதில்லை. சோஃபியா என்ற தளத்தில் மாதம் 99 டாலர் (நான் கட்டியபோது இருந்த விலை), அதற்குள் எத்தனை பாடமும் முடிக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுதான் திறந்திருக்கும். இதற்கும் அதே கல்விக் கவுன்சிலின் பரிந்துரை உண்டு. பாடங்கள் இரண்டு ரகம். ஒன்றில் ‘மைல்ஸ்டோன்’ என்ற தேர்வுகள் மட்டும், இயந்திரமே திருத்திவிடும், உட்கார்ந்தால் ஓடிவிடும். இன்னொன்றில் ‘டச்ஸ்டோன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டியது இருக்கும், அதை மனிதர்கள் திருத்துவார்கள், சில நாள் ஆகும், முதலாவது திருத்தி வராமல் அடுத்ததைச் சில பாடங்களில் கொடுக்கவும் முடியாது. ஆகவே திறந்திருக்கும் இரண்டில் ஒன்று எப்போதும் டச்ஸ்டோன் பாடமாகவும் மற்றது மைல்ஸ்டோன் பாடமாகவும் இருக்கும்படி வைத்துக்கொண்டேன். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் திருத்தலில் நிற்கும்போது இந்தப் பக்கம் புள்ளியியலோ ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டோ நடக்கும். எழுத்துப் பாடங்கள் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவைப்பவர்கள் மாதச் சந்தாவை வெறும் காத்திருப்புக்கே கட்டுவார்கள்.

ஆங்கிலக் கட்டுரை பற்றி ஒரு வார்த்தை. நமக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு. முதல் பத்தியில் நீங்கள் நிறுவப்போவது என்ன என்று ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு பத்தியும் அதைத் தாங்குகிறதா, மேற்கோளுக்கு மூலம் அவர்கள் சொன்ன வடிவத்தில் இருக்கிறதா. மதிப்பீட்டுப் பட்டியலைக் கூடவே தருகிறார்கள். நான் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் என் கட்டுரைக்குள் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் அனுப்புவேன். அலங்காரமாக எழுதினால் மார்க் கூடும் என்ற நம் பள்ளிக்கூட நினைப்பு இங்கே செல்லாது.

இதெல்லாம் முடிந்து பல்கலைக்கழகத்துக்குள் போவதற்கு முன் ஒரு பூட்டு இருக்கிறது. டபிள்யூஜியு-வில் முதல் தவணை தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு வெளிக் கிரெடிட் எதையும் சேர்க்க முடியாது, சேரும்போது மதிப்பிட்டதோடு சரி. ஆகவே சோஃபியா, கிளெப், ஊர் மதிப்பீடு மூன்றும் போய்ச் சேர்ந்து, அவர்கள் எதை ஏற்றார்கள் என்று எழுத்தில் வந்து, அதை என் தாளோடு வரிக்கு வரி ஒத்துப்பார்த்த பிறகுதான் தொடக்கத் தேதியை உறுதி செய்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதிதாகச் சேர்க்கிறார்கள், ஒரு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. ‘சீக்கிரம் சேருங்கள்’ என்று ஃபோன் வரும், வரட்டும்.

உள்ளே போனபின் வேலை இரண்டு வகை. ஒன்று கண்காணிப்போடு எழுதும் தேர்வு. வெளியே வைக்கும் வெப்கேமில் மேசை, சுவர், தரை எல்லாம் காட்டிவிட்டுத்தான் தொடங்க முடியும். பையன் தூங்கிய பிறகு ராத்திரி எழுதுவேன். இன்னொன்று எழுதிச் சமர்ப்பிக்கும் வேலை, அதற்கும் மதிப்பீட்டுப் பட்டியல் உண்டு, அதே விரல் வைக்கும் முறைதான். ஒவ்வொரு தேர்வுப் பாடத்துக்கும் முன்தேர்வு ஒன்று இருக்கும். பாடத்தைத் திறந்ததுமே ஒன்றும் படிக்காமல் அதை எழுதிவிடுவேன். எங்கே ஓட்டை என்று அதுவே காட்டிவிடும், ஓட்டையை மட்டும் படித்தால் போதும். செயல்பாட்டு மேலாண்மையில் எனக்குப் படிக்கக் கொஞ்சமே இருந்தது, வேலையே அதுதானே. நிதி மேலாண்மையில் நிறைய இருந்தது. தவணைக்கென்று எடுத்த பாடங்களை முடித்துவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லி அடுத்தவற்றை இழுத்துக்கொள்ளலாம், கூடுதல் கட்டணம் கிடையாது. வேகம் என்று சொல்வதெல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆறு மாதத்துக்குக் கட்டணம் பிசினஸ் படிப்புக்கு நாலாயிரம் டாலரை ஒட்டி வரும், ஒரு தவணையில் முடித்தாலும் அதே, இரண்டு பாடம் மட்டும் முடித்தாலும் அதே.

பணம் பற்றி. உங்கள் கம்பெனி படிப்புச் செலவைத் தருமா என்று கட்டாயம் கேளுங்கள். வருஷத்துக்கு 5,250 டாலர் வரை கம்பெனி தருவதற்கு ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை என்று வருமானவரிச் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் பல கம்பெனிகள் அந்த அளவை வைத்தே திட்டம் போட்டிருக்கும். ஆனால் கேட்கும்போது ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: சில கம்பெனிகள் ‘பி கிரேடு வாங்கினால்தான் தருவோம்’ என்பார்கள், டபிள்யூஜியு-வில் கிரேடே இல்லை, தேர்ச்சி அல்லது தேர்ச்சியில்லை அவ்வளவுதான். அங்கே தேர்ச்சி என்பது பி-க்கு, 3.0-க்குச் சமம் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது, அந்தப் பக்கத்தை அச்செடுத்து எச்ஆர் கையில் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டு அரசு உதவித்தொகைக்கும் பார்க்கலாம். அது பல்கலைக்கழகக் கட்டணத்துக்குத்தான், சோஃபியா சந்தாவுக்கும் கிளெப்புக்கும் கிடையாது.

இது யாருக்குச் சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டதுமே ஊரிலிருந்து ஒரு சித்தப்பா ‘நம்ம பையனும் இப்படிச் சேர்ந்து விசா எடுத்துடலாமாப்பா?’ என்று கேட்டார். முடியாது சித்தப்பா. எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் ஒரு தவணையில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் காட்டலாம், முழுக்க ஆன்லைனில் இருக்கும் படிப்புக்கு அந்த விசாவே வராது. ஏற்கெனவே இங்கே வசிப்பவர்களுக்கான வழி இது. எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4-இல் இருப்பவர்களும் படிக்கலாம், படிக்கத் தடையில்லை. பெரிய பெயருள்ள எம்பிஏ-வுக்குக் குறி வைத்திருந்தால் கிரேடு இல்லாத மதிப்பெண் பட்டியல் கொஞ்சம் இடிக்கும், டபிள்யூஜியு-வின் பிசினஸ் படிப்புக்கு ஏஏசிஎஸ்பி என்ற, பிசினஸ் கல்லூரிகளுக்கென்றே இருக்கும் தனி அங்கீகாரமும் கிடையாது, அதைக் கேட்கும் இடங்கள் உண்டு. இந்தியாவுக்குத் திரும்பி அரசு வேலையோ மேற்படிப்போ என்று எண்ணம் இருந்தால், ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலை கிடைக்குமா என்று அங்கே சமநிலைச் சான்று தரும் அமைப்பிடம் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு வேண்டியிருந்தது விண்ணப்பத்தில் அந்த டிக், அப்புறம் நேர்முகத்தில் நிதி அறிக்கையைப் பார்த்து நாலு கேள்வி கேட்டால் திணறாமல் பதில் சொல்வது. இரண்டுக்கும் இது போதும்.

பட்டம் முடிந்ததும் வேலை தருபவர்கள் அதை நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகச் சரிபார்ப்பார்கள், சான்றிதழ் தாளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எல்லாப் பாடத்தின் சிலபஸையும், கிளெப் மதிப்பெண்களையும், ஏற்பு மின்னஞ்சல்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருங்கள். கிளெப் மதிப்பெண் காலேஜ் போர்டிடம் இருபது வருஷம் இருக்கும், ஆன்லைன் தளங்கள் அத்தனை காலம் இருக்குமா என்று யார் கண்டது. அந்த எக்செல் தாளை, பெயரையும் என் எண்களையும் எடுத்துவிட்டு, வெறும் கட்டங்களாகக் கேட்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வலது ஓரத்து ‘எழுத்தில் உறுதியானதா?’ பத்தியை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.